பால் வண்டியின் தேய்ந்த தண்டு: முன் ஸ்பிராக்கெட் ஆட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் பட்டறை ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் சுமை தூக்கிப் பிழைக்கிறவர்களுடையவை. இங்கே எழுதப்போவது ஒரு பால்காரரின் வண்டியைப் பற்றி. 150 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், 11 ஆண்டு பழையது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால் வாங்கிக் குளிரூட்டு நிலையத்தில் ஊற்றுவது அவர் தொழில். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பின்பக்கம் இருபுறமும் 40 லிட்டர் கேன் தொங்கும். இரண்டும் நிறைந்தால் பால் மட்டுமே 82 கிலோ. கேன்களின் எடை தனி.

மீட்டர் 74,000-இல் நின்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கேபிள் அறுந்ததை அவரும் மாற்றவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் என்று அவர் சொன்னதை வைத்துக் கணக்கிட்டால் வண்டி 1,15,000 தாண்டியிருக்கும். தூரத்தைவிட முக்கியமானது நிறுத்தம். ஒரு நடைக்கு 40 இடங்களிலாவது நிற்பார். அப்படியானால் தினமும் 80 முறை முதல் கியரில், பெரும்பாலும் மண் தடத்தில், சுமையோடு கிளம்புகிறது வண்டி.

செயின் செட்டை (செயினும், அது ஓடும் முன்-பின் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளும்) அதற்கு முன் நான்கு முறை மாற்றியிருக்கிறார்கள். கடைசியாக மாற்றியது நாங்கள்தான், 14 மாதங்களுக்கு முன்பு. விலை குறைந்த செட் போதும் என்று அவர் சொன்னார், போட்டுக் கொடுத்தோம். அன்று முன் ஸ்பிராக்கெட் தண்டில் எப்படி உட்கார்ந்தது என்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பழைய ஸ்பிராக்கெட்டின் பல்லைப் பார்த்தேன். அது சுறாவின் முதுகுத் துடுப்புபோலச் சாய்ந்திருந்தது. நடுவிலிருந்த துளையை யாரும் பார்க்கவில்லை.

முன் ஸ்பிராக்கெட் உட்காரும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீளும் தண்டைப் பட்டறை வழக்கில் கவுண்டர் ஷாஃப்ட் என்போம். இந்த வண்டியில் அதன் முனையில் ஆறு வரிகள் நீளவாக்கில் எழும்பி நிற்கின்றன. அவைதான் ஸ்பிளைன். ஸ்பிராக்கெட்டின் துளையில் அதற்கேற்ற ஆறு பள்ளங்கள். ஸ்பிராக்கெட்டைச் செருகி, அதன்மேல் ஒரு லாக் பிளேட்டையும் செருகி, தண்டிலுள்ள காடியில் பிளேட்டைச் சற்றே திருப்பி, இரண்டு 6 மி.மீ. போல்ட்டால் ஸ்பிராக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். நடுவில் பெரிய நட் போட்டு அழுத்தி இறுக்கும் வண்டிகளும் உண்டு. இது அந்த வகை இல்லை. பிளேட் ஸ்பிராக்கெட்டை இறுக்குவதில்லை, கழன்று வெளியே வராமல் காவல் காக்கிறது. ஆகையால் புத்தம் புதிய வண்டியில்கூட முன் ஸ்பிராக்கெட் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். செயின் ஓடும் நேர்கோட்டை அதுவே தேடிக்கொள்ளட்டும் என்பதற்கான இடம் அது.

"அங்கே ஆட்டம் இருக்கத்தான் செய்யும்" என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார். சொல்வது உண்மைதான். நாங்கள் ஏமாந்தது அந்த உண்மையில்தான்.

முதல் வருகை

சித்திரைக் கடைசியில் வந்தார். "தம்பி, முதல் கியரில் கிளம்பும்போது அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் இருக்கிறது. கேன் நிறைந்திருந்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. காலி கேனோடு திரும்பும்போதுதான் அதிகம்" என்றார்.

சுமையில்லாதபோது சத்தம் கூடுகிறது என்றதும் செயின் தளர்ச்சி என்று எண்ணினேன். செயின் தளர்ந்துதான் இருந்தது. நடுவில் விரலால் தூக்கினால் 50 மி.மீ. ஏறி இறங்கியது, 25 முதல் 35 வரை இருக்க வேண்டும். பின்சக்கர டிரம்மில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர்களும் பிதுங்கிக் கட்டியாகியிருந்தன. ரப்பர்களை மாற்றி, செயினை இறுக்கினோம். முன் ஸ்பிராக்கெட்டின் மூடியைக் கழற்றிக் கையால் ஆட்டியும் பார்த்தேன். பக்கவாட்டில் ஆடியது. முன்னும் பின்னும் சுழற்றினாலும் சற்று இடம் கொடுத்தது. கியரில் வைத்திருந்தாலும் கியர்களின் கொக்கிகளுக்கு இடையே இடைவெளி உண்டு. தண்டே கொஞ்சம் திரும்பும். அந்த ஆட்டம் இது என்று முடிவு கட்டி மூடியை மாட்டினேன்.

ஓட்டிப் பார்த்தோம். சத்தம் முக்கால்வாசி அடங்கியிருந்தது. கோளாறு ரப்பரில் இருந்ததாக வேலைச் சீட்டில் எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாம் வருகை

ஐந்து வாரம் கழித்து மறுபடியும் வந்தார். அதே சத்தம், இம்முறை சுமையோடும் கேட்டது. நான் வெளியே போயிருந்தேன். பட்டறையில் வேலை பழகும் பையன் மூடியைக் கழற்றி வைத்திருந்தான். நான் வந்ததும், "அண்ணா, மழையே பெய்யவில்லை, உள்ளே எப்படித் துரு வந்தது?" என்று கேட்டான்.

குனிந்து பார்த்தேன். ஸ்பிராக்கெட்டின் நடுவில், தண்டைச் சுற்றி, காவிப்பொடியைக் குழைத்து அப்பியதுபோல ஒரு வளையம். மற்ற இடமெல்லாம் செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்த கறுப்புச் சேறு. அந்த வளையம் மட்டும் செக்கச் சிவப்பு. நகத்தால் சுரண்டினால் பவுடராக உதிர்ந்தது. லாக் பிளேட்டின் இரண்டு போல்ட்டில் ஒன்றின் தலை காணவில்லை. உடைந்த கால் ஸ்பிராக்கெட்டுக்குள்ளேயே நின்றிருந்தது.

அப்போதுதான் அந்தச் சோதனையைச் செய்தேன். துணியால் துடைத்துவிட்டு, தண்டின் முகப்பிலிருந்து ஸ்பிராக்கெட்டின் பல் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டால் ஒரே நேர்கோடு இழுத்தேன். காய்ந்ததும், முதல் கியரில் வைத்து, பையனைப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பச் சொன்னேன். கியர்களின் இடைவெளியால் வரும் ஆட்டமானால் தண்டும் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்து திரும்பும், கோடு முறியாது. இங்கே தண்டு திரும்புவதற்கு முன்பே ஸ்பிராக்கெட் தனியாக நகர்ந்தது. தண்டின் ஓரத்தில் கோடு 2 மி.மீ. விலகி நின்றது. பல்லின் உயரத்தில் அளந்தால் கிட்டத்தட்ட 6 மி.மீ.

முதல் வருகையில் இதே கோட்டை இழுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு சொட்டுப் பெயிண்ட், இரண்டு நிமிடம்.

கழற்றியபோது கண்டது

மீதமிருந்த போல்ட்டை எடுத்ததும் லாக் பிளேட் தானாகவே நழுவியது. அதன் உட்பற்களும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தன. ஸ்பிராக்கெட் தளர்ந்து, அதுவும் தண்டின்மேல் முன்பின்னாக அடிக்கும்போது பிளேட்டும் காடிக்குள் அடிபடுகிறது. சுமை தாங்க வேண்டியிராத அந்த இரண்டு சின்ன போல்ட்டுகள் சுமை தாங்கத் தொடங்குகின்றன. போல்ட் உடைந்தது அதனால்தான். முன்பு இதே போல்ட் உடைந்து வந்த வேறு வண்டிகளுக்கு நாங்கள் புதுப் போல்ட் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறோம். அவற்றில் எத்தனையில் தண்டும் தேய்ந்திருந்தது என்று இப்போது யோசித்துப் பயனில்லை.

தண்டைப் பெட்ரோலில் கழுவி வெர்னியரில் அளந்தோம். தேயாத முனையில் ஒவ்வொரு வரியும் 5 மி.மீ. அகலம். ஸ்பிராக்கெட் உட்கார்ந்த இடத்தில் 3.9. ஸ்பிராக்கெட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு, 7 மி.மீ.-க்குச் சற்று மேல், வரியின் பக்கச் சுவரில் படிக்கட்டு வெட்டியதுபோல ஒரு பள்ளம். இழுக்கும் பக்கத்தில் ஆழம் அதிகம், எதிர்ப்பக்கத்திலும் இருந்தது. விரல் நுனியை ஓட்டினால் படியில் தட்டும். ஸ்பிராக்கெட்டின் துளையோ இன்னொரு 0.7 மி.மீ. அகன்று, பள்ளங்களின் ஓரம் மடிந்திருந்தது.

பையன் அலமாரியிலிருந்து ஒரு புது ஸ்பிராக்கெட்டை எடுத்துவந்து செருகினான். கோட்டுச் சோதனையில் பல்லின் உயரத்தில் 6 மி.மீ. இருந்த ஆட்டம் 4-க்குக் கொஞ்சம் கீழே வந்தது. புது ஸ்பிராக்கெட் போட்டால் சரியாகிவிடும் என்ற கதவு அத்தோடு மூடியது.

ஒரு அரிசி மணி அளவு இடம்

பால்காரருக்கு விளங்கச் சொல்ல வேண்டியிருந்ததால் அங்கேயே தாளில் கணக்குப் போட்டேன். என்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை அதிகபட்சம் 13 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது தண்டுக்கு வந்துசேரும்போது சுமார் 9 மடங்காகிறது; 117 என்று வைத்துக்கொள்ளலாம். 14 பல் ஸ்பிராக்கெட், 428 செயின், ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ. அப்படியானால் செயின் ஓடும் வட்டத்தின் ஆரம் 28.5 மி.மீ. செயினை இழுக்கும் விசை ஏறக்குறைய 420 கிலோ எடைக்குச் சமம். ஆனால் வரிகள் இருப்பது மையத்திலிருந்து 9 மி.மீ. தூரத்தில். அங்கே அதே முறுக்கு 1,300 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. ஆறு வரிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின்மேலும் 200 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கும் பரப்பு 7 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. உயரம்: ஒரு அரிசி மணி அளவு.

நன்றாகப் பொருந்திய ஸ்பிராக்கெட்டில் ஆறு அரிசி மணிகளும் சேர்ந்து தாங்கும், அசையாமல் தாங்கும். துளை சற்றுப் பெரிதாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ஒரு சுவரிலும் விடும்போது எதிர்ச்சுவரிலும் போய் இடிக்கும். செயினின் ஒவ்வொரு கண்ணி ஏறும்போதும் மயிரிழை அளவு அசையும். இரும்பும் இரும்பும் அழுந்தியபடி மயிரிழை மயிரிழையாக உரசினால் மேற்பரப்பிலிருந்து நுண்ணிய துகள்கள் பிய்கின்றன. காற்றுப் பட்டதும் அவை சிவப்பு ஆக்சைடாகின்றன. நீர்த்துளி படாமலேயே பையனின் கண்ணில் பட்ட துரு அதுதான். நகைக்கு மெருகேற்றும் சிவப்புத் தூளும் அதே இரும்பு ஆக்சைடே. மெருகேற்றும் தூளை இரண்டு இரும்புக்கு நடுவே வைத்துத் தினமும் அறுபது கிலோமீட்டர் தேய்த்தால் என்ன ஆகுமோ அது ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. தண்டின் மேல்தோல் மட்டும்தான் கடினம். கார்பன் ஏற்றிப் பதப்படுத்திய அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. தோல் நிற்கும்வரை ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தோல் போனபின் மாதக்கணக்கு. அவருடைய முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடையிலான ஐந்து வாரத்தில் நிலைமை அவ்வளவு மோசமானதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

முன்னிருந்த வழிகள்

முறையான வழி தண்டையே மாற்றுவது. அதற்கு என்ஜினை இறக்கி, அதன் வெளிக்கூடான கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தண்டு, பேரிங், சீல், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றேன். இரண்டு நாள் வண்டி இருக்காது. பணத்தைவிட அந்த இரண்டு நாள்தான் அவர் முகத்தை மாற்றியது. "மாடு இரண்டு நாள் கறக்காமல் இருக்குமா தம்பி? ஒரு வேளை நான் போகவில்லையென்றால் வேறு ஆள் வந்து ஊற்றிக்கொள்வான்" என்றார்.

அடுத்தது வெல்டிங். ஸ்பிராக்கெட்டைத் தண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவது. பக்கத்தூரில் 300 ரூபாய் சொல்லியிருந்தார்கள். இதை ஏளனம் செய்ய எனக்குத் தகுதியில்லை; தொழில் பழகிய நாளில் நானே இரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறேன். ஆனால் அரை அங்குலத்துக்குப் பின்னால் ஆயில் சீல் இருக்கிறது, அதற்குப் பின்னால் பேரிங். சூடு அங்கே போகும். எர்த் கிளாம்ப்பைச் சேஸியில் மாட்டினால் மின்சாரம் பேரிங்கின் குண்டுகள் வழியாகவே பாய்ந்து அவற்றில் குழி விழும். கார்பன் ஏற்றிய தண்டில் பற்றவைத்த இடம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். அடுத்த முறை செயின் செட் மாற்ற வேண்டுமானால் கிரைண்டரால் அறுத்தெடுக்க வேண்டும். சீல் ஒழுகினாலும் அதே கதை. சுமை ஏற்றும் வண்டிக்கு இதைச் செய்ய மனம் வரவில்லை.

பசை போட்டு ஒட்டுவது மூன்றாவது. தேய்ந்த தண்டு, பேரிங் இருக்கைகளுக்கென்று லாக்டைட் 660 இருக்கிறது. அது நிரப்பக்கூடிய இடைவெளி அரை மி.மீ. வரைதான். இங்கே 1 மி.மீ.-க்கு மேல். அதைப் பரிசீலிக்கவே இல்லை.

நான்காவதாக ஒன்று இருந்தது. 1988-இல் வந்த ஹோண்டா என்.எக்ஸ். 650 டாமினேட்டர், பிறகு ஆப்பிரிக்கா ட்வின் 750 போன்ற பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்களிடையே தண்டுத் தேய்மானம் பேர்போன தொல்லை. அவர்கள் ஒல்லியான ஸ்பிராக்கெட்டைத் தவிர்த்து, நடுவில் தடித்த கழுத்துள்ளதைத் தேடிப் போடுகிறார்கள்; கழுத்தின் நீளத்துக்கு வரிகளில் கூடுதல் இடம் கிடைக்கிறது. இந்த வண்டியில் ஸ்பிராக்கெட்டுக்கும் தண்டின் தோளுக்கும் நடுவே, தேய்ந்த படிக்கட்டுக்கு உட்புறமாக, 4 மி.மீ. நீளத்துக்கு வரிகள் கன்னி கழியாமல் அப்படியே 5 மி.மீ. அகலத்தில் இருந்தன. ஒரு ஸ்பிராக்கெட்டுக்கு 4 மி.மீ. கழுத்து வைத்து அங்கே பிடிக்கச் செய்தால்?

செயின் ஓடும் கோடு மாறாது. ஆனால் 7 மி.மீ. தாங்கிய சுமையை 4 மி.மீ. தாங்க வேண்டும்; அழுத்தம் ஒன்றே முக்கால் மடங்கு. நிரந்தரத் தீர்வு இல்லை என்பது தாளிலேயே தெரிந்தது. தைப்பொங்கல் வரை ஓட்டட்டும், அதற்குள் பணம் சேர்த்து, வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டு என்ஜினைப் பிரிப்போம் என்று பேசி முடிவெடுத்தோம். எடுத்தது நாங்கள் இருவரும், பொறுப்பு என்னுடையது.

லேத் பட்டறையில்

இந்த வேலையைச் செய்தவர் ஈரோட்டில் 40 ஆண்டாக லேத் ஓட்டும் ஒரு பெரியவர். நல்ல தரமான இரண்டு ஸ்பிராக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றின் பற்களை முழுதும் கடைந்தெடுத்து நடுத் துளையோடு கூடிய வளையமாக்கினார். தடிமனை 4 மி.மீ. ஆக்கினார். அந்த வளையத்தை இன்னொரு ஸ்பிராக்கெட்டோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். இரண்டு துளைகளின் பள்ளங்களும் இம்மி பிசகாமல் ஒரே நேரில் நிற்க வேண்டும்.

அதற்காக என்னிடம் கிடந்த ஒரு பழைய நல்ல தண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டையும் அதில் கோத்து, ஒரே பக்கமாகத் திருப்பி அழுத்தி, வெளி விளிம்பில் எதிரெதிராக நான்கு புள்ளி வைத்தார். தண்டை உருவினார், மறுபடி செருகினார், வழுக்கிப் போனது. பிறகே விளிம்பைச் சுற்றிப் பற்றவைத்தார். தண்ணீரில் போடப் போன என் கையைத் தட்டிவிட்டுச் சாம்பலில் புதைத்தார். "சோறு ஆறுவதுபோல ஆறட்டும்" என்றார். என்ஜினிலிருந்து வெகு தூரத்தில், கழற்றி மாற்றக்கூடிய பொருளின்மேல் செய்த வெல்டிங் என்பதுதான் 300 ரூபாய் வேலைக்கும் இதற்கும் வித்தியாசம்.

மறுநாள் மாட்டினோம். மாலி (மாலிப்டினம் கலந்த) கிரீஸ் தடவி, புது லாக் பிளேட், புது போல்ட். கோடு இழுத்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முறியவில்லை. சத்தமும் போய்விட்டது. வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கோட்டைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வாரம் தவறினாலும் மாதம் இரண்டு முறையாவது வந்தார்.

அடுத்து வந்த மூன்று மாதம்

முதல் இரண்டு மாதம் கோடு நின்றது. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் தண்டின் ஓரத்தில் அரை மி.மீ. விலகல். கிரீஸின் விளிம்பில் மறுபடியும் சிவப்பு. செயினைத் தொட்டேன், வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. வழியில் ஒரு கடையில் காற்று பிடித்தபோது, தளர்ந்திருக்கிறதென்று யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.

காலி வண்டியை நிறுத்தி வைத்துச் செயினை இறுக்கினால் இப்படித்தான் ஆகும். தண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக விறைப்பாக இருக்கும். எண்பது கிலோ பாலும் ஒரு ஆளும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து அந்த நேர்கோட்டுக்கு வருகிறது. காலி வண்டியில் ஏற்கெனவே விறைத்த செயினுக்கு அப்போது போக்கிடம் இல்லை. தண்டைப் பின்னோக்கி இழுக்கிறது. பேரிங்குக்கு வேதனை, ஸ்பிளைனுக்கு வேதனை. 35 மி.மீ. தளர்ச்சி விட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வழிக் கடைக்காரருக்கு யார் சொல்வது? இதை வண்டியிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

பொங்கல் வரை காத்திருப்பதைக் கைவிட்டோம். கழுத்து கழன்றாலோ பிளேட் உடைந்தாலோ ஸ்பிராக்கெட் வெளியே நழுவும். செயின் முன்பக்கத்தில் சுருண்டு சிக்கி, கிராங்க் கேஸை உடைக்கும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். எண்பது கிலோ பாலோடு பின்சக்கரம் பூட்டிக்கொள்வதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பே இதை நினைத்திருக்க வேண்டும் என்பதும் அப்போது உறைத்தது.

என்ஜினைப் பிரித்தோம்

ஐப்பசியில் ஒரு வியாழன் மாலை நடை முடிந்ததும் வண்டியை வாங்கிக்கொண்டோம். என் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-ஐ அவருக்குக் கொடுத்தேன். கேன் மாட்டும் கொக்கிகளை அன்றிரவே பையன் அதில் கட்டிக்கொடுத்தான். மூன்று மாதத்துக்கு முன்பே இந்த யோசனை வந்திருந்தால் கழுத்து வைத்த ஸ்பிராக்கெட்டுக்கே வேலை இருந்திருக்காது.

உள்ளே எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. கியர்களில் குறையில்லை. தண்டின் இடப்பக்கப் பேரிங் மட்டும் கையில் சுழற்றினால் ஒரு இடத்தில் தயங்கியது, மாற்றினோம். ஆயில் சீலின் உதட்டில் சிவப்புத் தூள் படிந்து கீறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஒழுகியிருக்கும். புதுத் தண்டு போட்டோம்.

ஸ்பிராக்கெட் தேர்வில்தான் அதிக நேரம் செலவழித்தோம். ஒரே மாடலுக்கான மூன்று வெவ்வேறு தயாரிப்புகளை வாங்கிவந்து, என்ஜினை மூடுவதற்கு முன் மேஜையிலேயே புதுத் தண்டில் ஒவ்வொன்றாகச் செருகினோம். தண்டு புதியது, ஸ்பிராக்கெட்டும் புதியது. பொருத்தம் மூன்றிலும் மூன்று விதம். ஒன்று கையால் அழுத்தினால் மட்டுமே ஏறியது, கோடு முறியவே இல்லை. இன்னொன்று தானாக வழுக்கி இறங்கியது, ஆட்டம் மிகக் கொஞ்சம். மூன்றாவது புதிதாக இருக்கும்போதே பல்லின் உயரத்தில் ஒன்றரை மி.மீ. ஆடியது. 14 மாதங்களுக்கு முன் நாங்கள் போட்டுக் கொடுத்ததும் இப்படிப்பட்ட ஒன்றாக இருந்திருக்கும். மூன்றாவதைக் கடையில் திருப்பிக் கொடுத்தபோது, "பல்லு நல்லாத்தானே இருக்கிறது" என்று கடைக்காரர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

முதலாவதை மாட்டினோம். சனிக்கிழமை காலை நடைக்கு வண்டி தயார். செலவு 6,400 ரூபாய். லேத் வேலைக்கும் அதற்கான ஸ்பிராக்கெட்டுகளுக்கும் ஆன தொகையைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் வருகையில் நான் கவனித்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

இன்றைய நிலை

ஒன்பது மாதம் ஆகிறது. கோடு முறியவில்லை. செயின் மூடியின்மேல் "காலி வண்டியில் 35 மி.மீ. தளர்ச்சி" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறோம். வழிக் கடைக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்ததாகப் பால்காரர் சொன்னார், ஆனால் இறுக்கவில்லையாம். மீட்டர் கேபிளும் மாற்றியாயிற்று.

மாற்றிக்கொண்டவை

முன் ஸ்பிராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து முடிவு சொல்வதை விட்டுவிட்டோம். பக்கவாட்டு ஆட்டம் எதையும் சொல்லாது. தண்டுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையில் சுழலும் ஆட்டம் இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்குக் கோடு இழுக்க வேண்டும். மூடியைக் கழற்றும் எல்லா வண்டிக்கும் இழுக்கிறோம். லாக் பிளேட் போல்ட் உடைந்து வந்தால் போல்ட்டைத் தொடுவதற்கு முன் கோடு. சிவப்புத் தூள் தெரிந்தால் ஸ்பிராக்கெட்டைக் கழற்றாமல் வண்டியை விடுவதில்லை.

விலை குறைந்த செட் கேட்கிறவர்களுக்கு இப்போதும் போட்டுக் கொடுக்கிறோம். அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும். முன் ஸ்பிராக்கெட் மட்டும் எங்கள் தேர்வு. செட்டைப் பிரித்து அதை மட்டும் வேறு வாங்கினால் கூடுதல் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசுக்கு மேல் போகாது.

கழுத்து வைத்த ஸ்பிராக்கெட் சரியான முடிவா என்று மற்ற மெக்கானிக் நண்பர்கள் கேட்டார்கள். வேலை நன்றாகத்தான் அமைந்தது. தனியாள் ஓட்டும் வண்டியாக இருந்தால் இப்போதும் செய்வேன். சுமை வண்டிக்கு இனிச் செய்ய மாட்டேன், எக்ஸ்.எல்.-ஐக் கொடுத்துவிட்டு அன்றே என்ஜினைப் பிரிப்பேன்.

லேத்காரர் திருப்பிக் கொடுத்த அந்தப் பழைய நல்ல தண்டு இப்போது வைஸில் பிடித்தபடி மேஜையில் நிற்கிறது. புது ஸ்பிராக்கெட் எது வந்தாலும் உறையைப் பிரித்ததும் பையன் முதலில் அதில் செருகிப் பார்க்கிறான். போன வாரம் இரண்டைத் திருப்பி அனுப்பினான்.